இனம் எண் பதினேழு

முள்ளோடை தாண்டியதிலிருந்து
பெண்ணையாற்றுப் பாலம் வரைக்கும்
நடுத்திட்டு என் பொறுப்பு.
அகலம் நாலரை மீட்டர்.
புல் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் நிமிரக் கூடாது.
நிமிர்ந்தால் இனம் எண் பன்னிரண்டு: வெட்டுதல்,
சதுர மீட்டர் கணக்கு, பெட்ரோல் உட்பட.

ஓசூரிலிருந்து பாய் போலச் சுருட்டி வந்த புல்.
விரித்த அன்று படம் எடுத்துக்கொண்டார்கள்.
உப்புக் காற்றில் பத்தே நாளில்
காய்ச்சல்காரன் நாக்காய் வெளுத்தது.
விடியற்காலை நாலு மணிக்கு டேங்கர் வரும்.
சாலைக்கு அந்தப் பக்கம்
குடங்களோடு நிற்பவர்கள் எங்களைப் பார்ப்பார்கள்.
நான் மீட்டரைப் பார்ப்பேன்.

வெட்டுகிற இயந்திரம் பாதி நாள்
புல்லை வெட்டாது, குவார்ட்டர் பாட்டிலை வெட்டும்.
செக்போஸ்ட் வருமுன் அவசரமாய்க் குடித்து எறிந்தவை.
சில்லு பாய்ந்து ரத்தினவேலுக்கு
முழங்காலில் ஐந்து தையல்.
அதற்கு இனம் எண் கிடையாது.

ஆனி மாதத்திலிருந்து
ஒப்பந்தக்காரருக்கு பில் வரவில்லை.
பங்கில் கடன் நின்றது. ஆவணியில் டேங்கர் நின்றது.
புல் செத்ததை நான் எழுதவில்லை.

ஐப்பசியில் பதினோரு நாள் மழை.
கார்த்திகை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை
மனமில்லாமல் பைக்கில் போனேன்.
பெரியகாட்டுப்பாளையம் அருகே
காலை ஊன்றி நின்றவன்
ஹெல்மெட்டைக் கழற்ற மறந்தேன்.

தும்பை.
முழங்கால் உயரத்துக்குத் தும்பை,
லாரிக் காற்றில் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து
ஒரே நேரத்தில் எழுந்தது.
நடுநடுவே நாய்க்கடுகின் மஞ்சள்.
தரையோடு தரையாக விஷ்ணுகிராந்தி,
மதியம் கடையைச் சாத்திவிடும்.
அது மூடின பிறகு
சாயங்கால ஷிப்டுக்குத் துத்தி வரும்.
யாரும் விதைக்கவில்லை.
திட்டை நிரப்பக் கொட்டிய ஏரி மண்ணில்
வரும்போதே வந்திருக்க வேண்டும்,
எங்கள் பில் நிற்பதற்குக் காத்துக்கொண்டு.

அரிவாளோடு வந்த பெண்
ஊதாப் பூ ஒன்றைக் கிள்ளிக் காட்டினாள்.
"கொளுஞ்சி சார். எம் பேரு.
எங்கப்பன் சாமி பேருன்னு சொல்லும்,
எங்கம்மா செடி பேருன்னு சண்டைக்கு நிக்கும்."
மஸ்டர் ரோலில் பார்த்தேன்: கொளஞ்சி, விருத்தாசலம்.
"அறுக்கவா, வேணாமா?
அறுக்கலன்னா சம்பளம் உண்டா?"

இந்தக் கேள்வியைப் பூவிடம் யாரும் கேட்பதில்லை.

இரவு விலைப்பட்டியலைப் புரட்டினேன்.
அரளி இருக்கிறது, கன்றுக்கு விலை.
காகிதப்பூ இருக்கிறது. கொரியன் புல் இருக்கிறது.
தும்பையும் கொழுஞ்சியும் ஒரே இடத்தில்தான்:
இனம் எண் பதினேழு,
களை அகற்றுதல், கையால், வேரோடு.
இந்த நாட்டில் அவற்றுக்கு விலை
சாகும்போது மட்டும்.

நெடுநேரம் பேனாவை மூடித் திறந்தேன்.
பிறகு எழுதினேன்:
இனம் எண் பதினேழு. களை அகற்றுதல். கையால்.
விதை முற்றிய பின்.

செயற்பொறியாளர் கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.
"விதை முற்றிய பின்?"
"காய்ந்தால் பிடுங்கச் சுலபம் சார்."
கையெழுத்துப் போட்டார்.
அவருக்குப் புரிந்ததா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

தை கடைசியில் ஆறு பெண்கள் வந்தார்கள்.
காய்ந்த செடியைப் பிடுங்குவார்கள்.
பக்கத்தில் மொட்டையாய்க் கிடக்கும் இடத்தில்
மூன்று தரம் தட்டுவார்கள்.
பிறகு கட்டுவார்கள்.
தட்டுவது கணக்கில் இல்லை.
கட்டுக்களை எண்ணினேன். சதுர மீட்டர் சரியாக வந்தது.
எட்டு வருட வேலையில்
நான் எழுதிய ஒரே பொய்
எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்தது.

மறுகோடையில் கருகலாம்.
புது அதிகாரி வரலாம், புல் வரலாம்.
ரத்தினவேல் இப்போதே இயந்திரத்துக்கு
எண்ணெய் போட்டு வைத்திருக்கிறான்,
அவனுக்கும் வீடு இருக்கிறது.

ஐந்தரைக்கு வேலை முடிந்தது.
கொளஞ்சி தடுப்பைத் தாண்டி
இரு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்தாள்.
சேலைக் கரை நெடுக நாயுருவி முட்கள்.
தட்டிவிடாமலே
செம்மண்டலம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.
நடத்துநர் கிழித்துக் கொடுத்தார்
மகளிர் கட்டணமில்லாச் சீட்டு, ஒன்று.