வெந்நீர் வாளி, தண்ணீர் வாளி

இரத்தக் கறைக்குத் தண்ணீர்.
வெந்நீர் பட்டால் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.
சாயக் கறைக்கு வெந்நீர், கைநிறைய சோப்புத் தூள்.
எங்கள் கொடியில் இரண்டு வெள்ளை அங்கிகள்,
ஒன்று இறைச்சித் தொழிற்சாலைக்கு,
ஒன்று முதல் வகுப்புக்கு.
என்னுடையதற்குக் கழுத்தில் நீல முடிச்சு கிடையாது.
அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் இரண்டாம் வாரம் பெற்றோர் கூட்டம்.
தக்குவாரெம்போவில் அன்று சரியான மழை.
முழங்கால் மார்பில் இடிக்கும் நாற்காலிகளில்
லாரி ஓட்டும் ஒரிபேயும் நானும்
இன்னும் பதினெட்டுப் பேரும்
மடித்த குடைகளாக உட்கார்ந்தோம்.
சுல்மா டீச்சர் சொல்லிக்கொண்டே போனார்:
மணி அடித்தால் வரிசை.
பையைக் கொக்கியில் மாட்டணும்,
மாட்டுவது பிள்ளை, நீங்கள் இல்லை.
கை கழுவிய பிறகுதான் பால்.
பேசணும் என்றால் கை தூக்கணும்.
வாசலில் ஒரு முத்தம் போதும்,
பாதி வழி போய்த் திரும்பி வந்து
இன்னொன்று வேண்டாம்.

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை.
பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்ததுதான்,
மணி, வரிசை, கை கழுவல், கொக்கி.
எங்கள் கொக்கியில் தொங்குவது பை இல்லை.
ஆறு வயதிலேயே ஆரம்பித்துவிட்டார்களா
என்று அடிவயிற்றில் ஒரு கல் உருண்டது.

கேட்டேவிட்டேன், கை தூக்காமல்.
"வரிசை கட்டி எங்கே போகப் போகிறார்கள் டீச்சர்,
அவ்வளவு அவசரமாக?"
ஒரிபே சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.
"எங்கேயும் இல்லை. கதவு ஒன்று, பிள்ளைகள் இருபத்து மூன்று.
முன்னால் நிற்கிற ஆள் தினமும் மாறும்.
செவ்வாய்க்கிழமை உங்கள் மைலென்.
எல்லோரும் வெளியே போகும்வரை
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
கடைசிப் பையன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.
காத்திருந்தோம். நான்கு நிமிடம்."

நான்கு நிமிடம்.
எங்கள் பெல்ட்டில் அதற்குள் எட்டு மாடு போய்விடும்.

"கை தூக்குவது?"
"அது பிள்ளைக்கு மட்டும் போட்ட விதி இல்லையம்மா.
அவள் தூக்கினால் நான் பார்த்தே ஆகணும்."
ஏதோ நினைவு வந்தவராக,
"அங்கியைப் பளிச்சென்று வெளுக்கணும் என்று இல்லை.
கறை இருந்தால் இருக்கட்டும்,
நேற்று என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியுமே" என்றார்.

அன்று இரவு துவைக்காமல் கொஞ்ச நேரம்
அந்தக் குட்டி அங்கியைப் பார்த்தேன்.
கைமடிப்பில் பச்சை. பைக்குள் பாதி பிஸ்கட்.
என்னுடையதை யாரும் அப்படிப் பார்த்ததில்லை,
கணக்கு அதிகாரியைத் தவிர.

இப்போது வீட்டிலும் சட்டம் வந்துவிட்டது.
நான் வேலை முடிந்து வந்தால்
பையை நானே மாட்ட வேண்டும்.
குறுக்கே பேசினால் மைலென் காத்திருக்கிறாள்,
சோற்றுக் கரண்டியோடு நான் கை தூக்கும்வரை.
ஒருநாள் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு
எழுந்து வந்து சொல்லிக்கொடுத்தாள்:
"வலித்தால் இன்னொரு கையால்
முழங்கைக்கு முட்டுக் கொடுக்கலாம் அம்மா.
டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார்."

திங்கட்கிழமை, பத்து மணி இருபது.
கழிப்பறைக்குப் போக வேண்டும், ஒரு மணி நேரமாக.
வழக்கமாக அடக்கிக்கொள்வோம், எல்லோரும்.
கத்தியை உறையில் செருகினேன்.
கை தூக்கினேன்.
பக்கத்தில் நெல்டா கண்ணாலேயே கேட்டாள்,
உனக்கு என்ன பிடித்துவிட்டது?
மேற்பார்வை வில்டர் பார்த்தான்,
தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல்
காகிதத்தைப் புரட்டினான்.
ஒரு மாடு போனது. இன்னொன்று.
தோள் எரிந்தது.
மற்றக் கையை எடுத்து
முழங்கைக்கு அடியில் வைத்தேன்.