கொதிகலன் அறைச் சாவி

வடக்கு டகோட்டாவில் மைனஸ் முப்பது என்றால்
மூக்குக்குள் மூச்சே முள்ளாகும்.
அந்தக் குளிரில், ஞாயிறு காலை ஐந்தரைக்கு,
மார்லிஸ் டோலஃப்ஸ்ரூட் வந்து
கொதிகலனை உசுப்பிவிட்டுப் போவாள்.
ஒன்பது மணிக்குக் கோட்டைக் கழற்றி மாட்டும் நாங்கள்
ஆலயம் தானாகவே சூடாக இருக்கிறதென்று
நினைத்திருந்தோம்
இருபத்திரண்டு வருடம்.

சபைக் கமிட்டியின் செயலர் நான்.
அவள் விலகல் கடிதத்தை வாசித்ததும் நான்தான்.
மூன்று வரி.
"வருத்தத்துடன் ஏற்கப்பட்டது" என்று குறித்துக்கொண்டேன்.
அடுத்த பொருள்: வாகன நிறுத்தத்துக்குத் தார்.

காரணத்தைப் பிறகு பேசினோம், காப்பியோடு.
களைப்பு என்றார் பொருளாளர்.
ஃபார்கோவில் புதுச் சபை ஒன்று,
திரையும் கிட்டாரும் இருக்கிறதாமே என்றார் இன்னொருவர்.
விசுவாசம் தளர்ந்திருக்கும் என்றார் போதகர்,
கெட்ட நோயின் பெயரைச் சொல்வதுபோல்
குரலைத் தாழ்த்தி.

அவள் கணவன் ஹால்வோர்
பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்ததை
யாரும் எடுக்கவில்லை.
அந்தப் பதினொரு நாளும் அவளுக்குப் போன செய்திகள்
என் கைப்பேசியில் அப்படியே இருக்கின்றன.
ஞாயிறு பள்ளிப் பட்டியல் தயாரா?
அடக்கச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு யார் பொறுப்பு?
பெரிய காப்பிக் கெண்டி எங்கே?
கடைசிக் கேள்வி என்னுடையது.
எல்லாவற்றுக்கும் பதில் போட்டிருக்கிறாள்.
எனக்கு வந்தது இரவு ஒன்றரை மணிக்கு:
"கீழ் அலமாரி. மூடி தனியாக இருக்கும்."

ஊரில் பிரசவமோ சாவோ,
முதலில் படியேறுவது அவள் பாத்திரம்;
அடியில் நாடா ஒட்டி, பேர் எழுதியிருக்கும்
(திரும்பி வர வேண்டுமே).
அந்தப் பதினொரு நாளில்
அவள் வீட்டுப் படியேறியது பனி.

பிப்ரவரி முதல் ஞாயிறு கொதிகலன் அணைந்தது.
போன் செய்தேன்.
நலமா என்று கேட்கவில்லை.
எப்படிப் பற்றவைப்பது என்று கேட்டேன்.

"சிவப்புப் பொத்தான். முப்பது எண்ணும்வரை அழுத்து.
பாதியில் விட்டால் செத்துப்போகும்."
வாய்விட்டு எண்ணினேன்.
அந்தப் பக்கம் ஏதோ ஒரு வானொலியில் பாமாலை;
அவள் ஆல்டோவை மெல்ல முனகிக்கொண்டிருந்தாள்,
எப்போதும் மூன்றாம் வரிசையில் முனகுவது போலவே.
பதினேழில் ஹால்வோரைக் கேட்டிருக்கலாம்.
பதினெட்டு என்றேன்.

"பிடித்துக்கொண்டதா?"
"பிடித்துக்கொண்டது."
"சரி."
வைத்துவிட்டாள்.

கூட்டக் குறிப்பில் எழுதியது:
கொதிகலன் சீரானது; செலவு ஏதுமில்லை.

சாவி இப்போது என் கையுறைக்குள் கிடக்கிறது.
ஆறு ஞாயிறு ஆகிறது.
நேற்று ஒருவர் வாசலில் நின்று
ஆலயம் என்ன இதமாக இருக்கிறதென்று
நன்றி சொன்னார்,
போதகருக்கு.