முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும்

ராட்ரிக் டெனூனின் பதினான்காவது ஆல்பத்துக்கு
இரண்டரை நட்சத்திரம் என்று
உறையைக் கிழிக்கும் முன்பே மனசுக்குள் போட்டுவிட்டேன்.
பழைய வேகம் இல்லை என்று எழுதுவேன்.
ஒன்பதாவதுக்கும் அதைத்தான் எழுதினேன்.
பதினொன்றுக்கு, கொஞ்சம் இரக்கத்தோடு.

டண்டீயில் அன்று ஆலங்கட்டி மழை.
பெல்ட் அறுந்த என் டர்ன்டேபிளைத் திறந்து
புதிது மாட்டிய கீழ்வீட்டு ஐலா
ஒரு திருகைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாள்:
"இது எப்போதுமே வேகமாகத்தான் ஓடியிருக்கிறது.
அரைச் சுருதி இருக்கும்."

எழுபத்தெட்டில் வாங்கிய பெட்டி.

முதல் ஆல்பத்தை எடுத்து வைத்தேன்.
சணல் ஆலைக் கிடங்கில்
ஒரே இரவில் பதிவான பாட்டுகள்;
என் இருபது வயது அதில்தான் ஓடியது, மூச்சு வாங்காமல்.
இப்போது அந்தப் பையன்
கனத்த குரலில், வரிக்கு நடுவே தயங்கினான்.
டிரம்ஸ் அவனுக்காகக் காத்திருந்தது.
இவனை எனக்குத் தெரியாது.
மேடையில் இப்படிப் பாடியபோதெல்லாம்
களைத்திருக்கிறான் என்று எழுதியவன் நான்.

அடுத்துப் பதினான்கு.
அதே தயக்கம்.
பல் போன இடத்தில் காற்று கசிகிறது,
கூடுதல் அவ்வளவுதான்.
மூன்றாவது பாட்டு மட்டும் எந்த வேகத்திலும் மோசம்;
கீபோர்டை யாராவது பிடுங்கியிருக்கலாம்.

காலைக்குள் இருநூறு வார்த்தை அனுப்ப வேண்டும்.
ஐலா காசு வாங்கவில்லை.
"பழையபடியே வேண்டுமென்றால்
இடப்பக்கம் கால் சுற்று" என்று
காட்டிவிட்டுப் போனாள்.

ஸ்க்ரூடிரைவர் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.