எர்ஸ்ட்ஃபெல்ட், பதினெட்டு சதவீதம்

கொத்தார்ட் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம்
வயரைச் செருகிவிட்டு உள்ளே வந்து இருக்கிறேன்.
மழை. இன்னும் முப்பத்தொரு நிமிடமாம்.

லுகானோவில் இருந்து சகலன் தயாபரன்:
"பெற்றோல் அடிச்சு, கோப்பி குடிச்சு,
நான் வந்தும் சேர்ந்தாச்சு.
நீங்கள் இன்னும் மாட்டுக்குத் தண்ணி காட்டுறியளோ?"

சிரித்தேன்.
சுகிர்தா சிரிக்கவில்லை.

பழைய காரில் எஞ்சின் இரையும்.
பேர்னில் இருந்து மிலான் வரை
நாங்கள் பேசாமல் போனது
எங்களுக்கே கேட்டதில்லை.
இதில்,
தோடம்பழத் தோல் கிழிவதும் கேட்கிறது.

நாற்பத்திரண்டு.
ஒரு சுளையை நீட்டுகிறாள்.
"காணியை வித்ததை
எனக்கு ஏன் சொல்லேல்லை?"

எண்பது.
பின்னால் ஒரு கார்
விளக்கடித்துக் காத்து நிற்கிறது.
கழற்ற இறங்காமல்
முதல் கடனில் இருந்து
சொல்லத் தொடங்குகிறேன்.