மூன்றாவது பிளேட்

பத்து மாதத்தில் இது மூன்றாவது.
நெல்லித்தோப்பு சந்தில் என் பட்டறை வாசலுக்கு
நெற்றியில் சிவப்பு 'எல்' ஒட்டிய
தொண்ணூற்றெட்டாம் வருட மாருதி
முதல் கியரிலேயே முனகிக்கொண்டு வந்து நின்றது.
கதவைத் திறக்குமுன் வாசனை சொல்லிவிட்டது:
கொட்டாங்கச்சி நெருப்பில் மயிர் விழுந்த வாசனை.

"பசங்க ஏறி மிதிக்கிறாங்க, தணிகாசலம்"
என்றார் மரி தெரேஸ்.
முந்தைய இரண்டு முறையும் அதையேதான் சொன்னார்.
இரண்டு முறையும் அதையேதான் நம்பினேன்.
ஓட்டக் கற்பவர்கள் அரைக் கிளட்சில் குடியிருப்பவர்கள்,
வேறென்ன.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து மூன்றாவது கியர் போட்டு
காலை மெல்ல எடுத்தேன்.
நல்ல கிளட்ச் என்றால் இஞ்சின் திணறி அணைய வேண்டும்.
அணையவில்லை.
யாரோ யாரையோ திட்டுகிறார்கள் என்பதுபோலத்
தன்பாட்டுக்குச் சுற்றியது.

நானும் ஜாக்கியும் சேர்ந்து கியர்பாக்ஸை இறக்கினோம்.
பிளேட்டில் ரிவெட் தலைகள் துருத்தி நின்றன.
ஃபிளைவீலில் நீலம்,
கத்திரிக்காய்த் தோலின் நீலம்.
ஆயில் சீல் காய்ந்து சுத்தமாக இருந்தது,
அதன்மேல் பழி போட வழியில்லை.
கேபிள் நட்டைப் போன மாதம் நானேதான் சரிபார்த்தேன்.

பிறகு பிரஷர் பிளேட்டின் விரல்கள்.
நுனிகளில் வட்டமாய் ஒரு பள்ளம், வெள்ளிபோல் மின்னியது.
ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசினால்தான் அப்படி விழும்.
போன முறையும் இதைப் பார்த்தேன்.
லோக்கல் பேரிங் என்று எண்ணிப்
பழைய இரும்புப் பெட்டியில் எறிந்துவிட்டேன்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

புது செட் மாட்டி, மறுநாள் காலை
பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.
ஓட்டுபவர் கோமளவல்லி,
தபால் ஆபீசில் ஓய்வுபெற்றவர், அறுபத்தொன்று.
ஸ்டியரிங்கைக் கொதிக்கிற குக்கர் மாதிரிப் பிடித்திருந்தார்.
லாஸ்பேட்டை மேட்டில்
நிறுத்தி எடுக்கச் சொன்னார் தெரேஸ்.
கோமளவல்லி எடுத்தார். அழகாகவே எடுத்தார்.
அவர் கால் பெடலைவிட்டு முழுதாக வெளியே வந்தது.
சத்தம் மேலே ஏறியது,
வண்டி அரைமனதாய்ப் பின்தொடர்ந்தது.

இடப்பக்கம் எட்டிப் பார்த்தேன்.
சொல்லித்தருபவருக்கென்று வைத்த இரண்டாவது கிளட்ச் பெடலில்
செருப்பைக் கழற்றிய ஒரு கால்.
மிதிக்கவில்லை. சும்மா வைத்திருந்தது.
தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே
தூங்கிப்போவார்களே, அப்படி.

"அக்கா, கால்."
குனிந்து பார்த்தார்,
வேறு யாருடையதோ போல.

ஓரங்கட்டச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு அரியாங்குப்பம் பாலத்தைச் சொன்னார்.
ஒரு பையன். பின்னால் உருண்ட வண்டி. பால் வேன்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை,
நூற்றிருபது லிட்டர் மட்டும் ரோட்டில்.
அன்றிலிருந்துதான் என்று சொல்லவில்லை.
நானாக எண்ணிப் பார்த்தேன். பதினோரு மாதம்.
உருளும் வண்டியை நிறுத்துவது பிரேக், கிளட்ச் அல்ல.
அது அவருக்குத் தெரியும்.
காலுக்குத்தான் தெரியவில்லை.

அன்று மாலை பெடலுக்கு ஒரு விரற்கடை ஆட்டம் விட்டேன்.
உடைந்த ஜன்னல் சட்டத்தில் ஒரு துண்டு அறுத்து
அவர் கால் தேடும் இடத்தில், பெடலை ஒட்டி,
நான்கு திருகாணி போட்டு இறுக்கினேன்.
பில்லில் பிளேட், பேரிங்.
கூலிக்கு நேரே ஒரு கோடு.
அடியில் 'கட்டை 1' என்று எழுதி
விலை போடாமல் விட்டேன்.

ஐப்பசி மழை ஓய்ந்தபின் வந்தார்,
ஹாரன் அடிக்கவில்லை என்று.
ஒயரைத் தேடிக் குனிந்தபோது கண்டேன்:
கட்டையில் பாதம் அளவுக்கு ஒரு குழி,
வழவழவென்று.
பக்கத்துப் பெடல் ரப்பரில்
புதுசின் வரிகள் அப்படியே.

"கட்டைய மாத்தணுமா?" என்றார்.
"இன்னும் ஓடும், அக்கா."