இடது எனக்கு

ஏழு மில்லிமீட்டர் தடிமன்.
கறுப்பு. விளிம்பில் சிவப்புத் தையல்.
போட்டுப் பார்க்காமல் வாங்கினோம்;
போடும்போதுதான் தெரிந்தது
இது துணியில்லை, வாக்குவாதம்.

முதல் நாள் லம்சீரா தரையில் உட்கார்ந்து
பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி
அதன் மேல் உறையை வழுக்கி ஏற்றினாள்.
பையை உருவியபோது
நான் வேலை செய்யும் ரொட்டிக்கடையின் பெயர்
அவள் கணுக்காலில் ஒரு கணம் வந்து போனது.

ருஸ்தவி இரும்பாலைக்குப் பின்னால் எங்கள் கூடம்.
ஜனவரியில் வெப்பக் குழாய்கள்
விருந்தாளி மாதிரி வரும், போகும்.
கம்பியைத் தொட்டால் உள்ளங்கை ஒட்டும்.
சுண்ணப்பொடி மட்டும் தாராளம்.

பணம் பாதிப் பாதி.
வலியும் அப்படியே பிரிந்திருந்தது:
எனக்கு இடது முட்டி, அவளுக்கு வலது.
ஒரு ஜோடி வாங்கி
ஆளுக்கொன்று போட்டுக்கொண்டால் போயிற்று.
எங்கள் மொழியில் இடதும் வலதும்
ஒரே எழுத்தில் தொடங்கும்.
அதனால் அவளுடையதில் மட்டும்
வெள்ளை மையில் ஒரு புள்ளி.

பயிற்சியாளர் தெங்கீஸ் சொன்னார்:
"உங்கள் இருவரையும் சேர்த்தால்
ஒரு நல்ல வீராங்கனை தேறுவாள்.
மீதியில் ஒரு நொண்டி."

உறை எதையும் தூக்குவதில்லை.
நூற்றுப் பத்து கிலோ
நூற்றுப் பத்தாகவேதான் இருக்கும்.
ஆனால் அடியாழம் வரை அமர்ந்து
கெண்டைக்கால் தொடையில் அழுந்தி
மூச்சு நெஞ்சுக்குள் பாறையாய் நிற்கும் இடத்தில்
யாரோ இரு கைகளாலும் முட்டியைப் பொத்தி
இருக்கிறேன் என்பது போல...
இல்லை, அப்படியில்லை.
அப்படிச் சொன்னால் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.
உண்மை: சூடாக இருக்கும்.
சூடான முட்டி முனகாது.

நாற்றம் பற்றி எழுதக் கூடாது.
எழுதுகிறேன்.
லம்சீராவின் மகன் பைக்குள் மூக்கை விட்டு
"அம்மா, இதற்குள் யார் செத்தது?" என்றான்.
அன்றே துவைத்துப் பால்கனியில் போட்டோம்.
காலையில் உறை உறைந்திருந்தது,
இரண்டு குழாய்த் துண்டுகளாக.
தட்டினால் சத்தம் வந்தது.

குத்தாயிஸியில் போட்டி.
ஒரே எடைப் பிரிவு, ஓர் இடம்.
அவள் மூன்று முறையும் முடித்துவிட்டாள்.
நூற்றுப் பத்தைத் தூக்கினால் இடம் எனக்கு.
விட்டால் அவளுக்கு.
பின்னறையில் இழுத்து ஏற்றும்போது
என் உறை தையலோடு வாய் பிளந்தது.
கொழுத்த மீனைக் கீறியது போல
உள்ளிருந்து முட்டி எட்டிப் பார்த்தது.

பெயர் கூப்பிட இரண்டு நிமிடம்.
தெங்கீஸ் நாடா தேடிப் பையைக் கவிழ்த்தார்.
சாக்ஸ், சீப்பு, பாதி ஆப்பிள்.

லம்சீரா எதிரே
தன் உறையைக் கணுக்கால் வரை சுருட்டிவிட்டு
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
பார்த்தாள்.
பாட்டிலை மூடினாள், நிதானமாக,
அந்த மூடியில் எத்தனை சுற்று இருக்குமோ அத்தனையும்.
பிறகு உருவி எறிந்தாள்,
கூடவே ஒரு கெட்ட வார்த்தையும்.
எனக்கா, உறைக்கா, தனக்கா, கேட்கவில்லை.

ஈரம். அவள் சூடு.
புள்ளி என் இடது முட்டியின் மேல்
தப்பான கண் போல விழித்தது.

தூக்கினேன்.
மூன்று வெள்ளை விளக்குகள்.
கம்பியைக் கீழே போட்ட ஓசை அடங்கியதும்
முதலில் தேடியது அவள் முகத்தை.
அவள் குனிந்து காலணிக் கயிற்றை
அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வேனில் பின்வரிசை எங்களுக்கு.
கோரி தாண்டும் வரை பேச்சில்லை.
பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கை நீட்டினாள்:
"கொடு. அது வலது."

கொடுத்தேன்.
கால்சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு
வாய் திறந்து தூங்கிப்போனாள்.
வெளியே பனி பெய்வதா வேண்டாமா என்றிருந்தது.
என் இடது முட்டி குளிர்ந்தது.
இரண்டு கைகளையும்
அதன் மேல் வைத்துக்கொண்டேன்.