இனம் எண் பதினேழு

மட்டைக்கு வயதேற்றுவது எளிது.
ஜலந்தரிலிருந்து வந்த புது மட்டை,
அறுநூற்றைம்பது ரூபாய்.
வார்னிஷைச் சுரண்டிவிட்டு
டஸ்ட் டீயை மூன்று கொதி விட்டு இறக்கி
ஒரு ராத்திரி ஊறப் போட்டால் போதும்.
குன்னூரில் எல்லாவற்றுக்கும் தேயிலைதான்,
சம்பளத்துக்கும் சளிக்கும் சரித்திரத்துக்கும்.

பிடியில் பழைய சைக்கிள் ட்யூப்,
அதன்மேல் கன்வாஸ் நாடா.
வளைவில் கத்தியால் ஒரு விரிசல் கீறி
அதைச் சணல் நூலால் இழுத்துக் கட்டியது மாதிரி.
விரிசலுக்குத்தான் விலை.

பட்டியலில் எழுதினேன்:
'பதினேழு. ஹாக்கி மட்டை, மல்பெரி மரம்.
எழுபத்தொன்றில் நீலமலை லெவன் அணிக்காக
லெஃப்ட் இன் ஜே. போஜன் ஆடியது.'
பெயர் ஒரு குழுப் படத்தின் அடியில் கிடைத்தது.
நிற்பவர்கள், இடமிருந்து நான்காவது.
முகத்தில் பூஞ்சை பிடித்திருந்தது.
செத்திருப்பார் என்று நினைத்தேன்
என்று சொன்னால் அதுவும் பொய்.
நினைக்கவே இல்லை.

ஏலத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை,
உபதலை பஸ்ஸில் வந்து இறங்கினார்.
காதுவரை மப்ளர்.
கோஸ் நாற்று வாங்க ஒரு சாக்குப் பை.
'போஜன்னு போட்டிருக்காமே.
எந்தப் போஜன்?'

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன்,
வேறென்ன செய்ய.
டிசம்பர் குளிரில் எனக்கு முதுகு வேர்த்தது.
மட்டையை மூக்கருகே கொண்டுபோனார்.
'டீத்தூள்.'
பிறகு விரிசலைக் கட்டைவிரலால் தடவினார்.
'நல்லாத்தான் பண்ணியிருக்கே.
நான் இவ்வளவு நல்ல மட்டையில ஆடினதே இல்ல தம்பி.
எங்களுக்கு மூணு பேருக்கு ஒண்ணு.
ஒருத்தன் வெளிய வந்தா
வாங்கிட்டு அடுத்தவன் உள்ள ஓடணும்.'

'எடுத்துடறேங்க.'
'எதுக்கு? எவ்வளவு போகும்?'
சொன்னேன்.
கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார்,
பெட்போர்டு பக்கம் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது.
'பந்து இருக்கா?'

இருந்தது. இனம் எண் இருபத்தொன்று,
அதுவும் என் கைவேலைதான்.

கடைக்குப் பின்னால் ஜீப் நிறுத்துகிற சரிவு.
சரளைக்கல், ஒரு கற்பூர மரம், ஆயில் கறை.
மப்ளரை அவிழ்த்து என் தோளில் போட்டார்.
குனிந்தபோது முழங்காலில் ஏதோ சொடுக்கியது.
உருட்ட ஆரம்பித்தார்.
கல்லுக்குக் கல் துள்ள வேண்டிய பந்து
மட்டையைவிட்டு ஒரு விரற்கடை நகரவில்லை.
வலது பக்கம் போவதாகப் போக்குக் காட்டி
(யாருக்கு? மரத்துக்கா, எனக்கா?)
இடது பக்கம் இழுத்து
அடித்தார்.

தகரக் கதவில் மோதிய சத்தத்துக்கு
பேக்கரிப் பையன் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தான்.
நான் கீறிய விரிசல்
நிஜமாகவே பிளந்திருந்தது.
சும்மா அழகுக்குச் சுற்றிய சணல்
இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

மூச்சிரைக்க நீட்டினார்.
'இந்தா. போஜன் ஆடினது. இப்ப சரி.
வருஷத்தை மட்டும் அடிச்சிடு.'
மூன்றே கால் பஸ்ஸுக்கு ஓடினார்.
ஓடினார் என்றால், அவரால் முடிந்த அளவு.

சனிக்கிழமை பதினேழைத் தூக்கிக் காட்டியபோது
கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டார்:
'எந்த வருஷத்து ஆட்டம்?'
'வெள்ளிக்கிழமை ஆட்டம்' என்றேன்.
அறை சிரித்தது.
நாற்பதாயிரம் எதிர்பார்த்த மட்டை
நாலாயிரத்து இருநூறில் நின்றது.
ஒருதரம். ரெண்டுதரம்.
யாராவது கையைத் தூக்க மாட்டார்களா என்று
பழக்கதோஷத்தில் பார்த்தேன்.
மூணுதரம்.

பாதிப் பணத்தைக் கவரில் போட்டு
உபதலைக்குப் போகும் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்.
ரசீது வேண்டாம் என்றாராம்.
மப்ளரைக் கேட்கவில்லையாம்.

அது இன்னும் என் நாற்காலி முதுகில் கிடக்கிறது.
எண் போடவில்லை.
ஓரத்தில் டீக்கறை இருக்கிறது,
நான் வைத்தது இல்லை.